அதற்குப் பதிலாக

டாக்டர் மூன்று வழி சொன்னார்.
க்டினியாவில் நவம்பர்.
ஜன்னலில் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

ஒன்று, பொறுத்திருப்பது.
வரும், போகும், இடம் மாறும்.
கண்ணில் இருந்தது தோளுக்கு இறங்கும்,
தோளில் இருந்தது தொண்டைக்கு ஏறும்.
மீசை முளைத்து முடிவதற்குள்
பலருக்குத் தணிந்துவிடும் என்றார்.
பலருக்கு.
ரெனாட்டா அந்த ஒரு சொல்லை
வீடு வரை கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்தது மாத்திரை. இரவில் அரை.
சொக்கும். வேறொன்று உண்டு, அது பசியைக் கிளப்பும்.
நிற்கும் என்றில்லை,
ரேடியோவைத் திருகிக் குறைப்பதுபோலக் குறையலாம்.

பயிற்சி என்று அவர் தொடங்கும்போது
திமோன் கடற்காகம்போல ஒருமுறை கத்தினான்.
டாக்டர் நிமிரவில்லை,
எழுதிக்கொண்டே இருந்தார்.
அந்த நிமிராமைக்காகவே
அவர் கையைக் குலுக்கினேன், தேவைக்கு மேல் நேரம்.

டிராலிபஸ்ஸில் நிமிர்ந்தார்கள்.
"வளர்த்த லட்சணம்" என்றார் தொப்பிக்காரர் ஒருவர்.
தெருமுனை வளைவில்
பஸ்ஸின் கொம்பு கம்பியை விட்டுக் கழன்றது.
ஓட்டுகிற பெண் கையுறை மாட்டி இறங்கி
மழையில் கயிற்றை இழுத்து
மறுபடி பொருத்திவிட்டு வந்தாள்.
யாரும் பஸ்ஸைத் திட்டவில்லை.

பயிற்சி தருகிறவள் பெயர் கிங்கா.
மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடாது.
"வருவதற்கு முன்னால் எப்படி இருக்கும்?"
மூன்று வாரம் கழித்துத்தான் பதில் சொன்னான்:
"தும்மலுக்கு முந்தின நொடி மாதிரி.
ஆனா தோளில்."
அவனுக்கு ஒன்பது வயது.
அதுவரை நாங்கள் அதைக் கேட்டதேயில்லை.
அடக்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.
சாப்பாட்டு மேசையில், மாதாகோவிலில்,
அவன் தூங்கப்போகும்போதுகூட.

கிங்கா அடக்கச் சொல்லவில்லை.
தோள் துள்ள வருகிறதா,
முழங்கையை விலாவோடு மெல்ல அழுத்து,
தோளைத் தாழ்த்து,
அந்த நமைச்சல் கரையும்வரை அப்படியே இரு.
தொண்டையா, மூக்கால் இழு,
வாயால் மெதுவாக விடு.
அதற்குப் பதிலாக இது.
முடியாத நாளில் முடியாது, அதற்கு அழாதே.

எனக்குப் புரிந்தது.
துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம்
கிரேன் கூண்டில் உட்கார்ந்தவன் நான்.
காற்றில் கன்டெய்னர் ஊசலாடினால்
எதிர்ப்பக்கம் இழுக்கிறவன் புதுப்பையன்.
அது ஆடும் பக்கமே நகர்ந்து
பாரத்துக்கு நேர் மேலே போய் நிற்க வேண்டும்.
தானாக அடங்கும்.
சொல்ல வாயெடுத்தேன்.
திமோன் முழங்கையை அழுத்தியபடி
எண்ணிக்கொண்டிருந்தான்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.

"குடும்பத்தில் வேறு யாருக்காவது?"
ரெனாட்டா என்னைப் பார்த்தாள்.
இல்லை என்றேன்,
மூக்கை இருமுறை உறிஞ்சிவிட்டு.
வயர்லெஸ்ஸில் நான் பேசுவதற்கு முன்பே
இன்னார்தான் என்று கீழே எல்லோருக்கும் தெரியும்.
எப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

பிப்ரவரியில் கழுத்தும் சேர்ந்துகொண்டது.
வெட்டி வெட்டி, இரவில் வலியென்று அழுதான்.
அரை மாத்திரையும் தொடங்கினோம்.
தோற்றதுபோல் இருந்தது எனக்கு;
அவனுக்கு அப்படியொன்றும் இல்லை.
கணக்கு வகுப்பில் தூங்கினான்.
அது பழைய வழக்கம்தான் என்று
டீச்சர் எழுதியனுப்பினாள்.

ஃபிரிட்ஜில் காந்தம் குத்திய தாள்.
என்ன வருகிறது, எவ்வளவு தொல்லை,
பத்துக்கு எத்தனை, அதற்குப் பதிலாக என்ன.
சில வாரம் எண்கள் இறங்கின.
சில வாரம் ஏறின.
ஈஸ்டர் வாரத்தில் யாரும் எழுதவில்லை.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து
பாலுக்குக் கதவைத் திறக்கும்போது பார்த்தேன்.
கடைசியில் புதிதாக ஒரு வரி,
சாய்ந்த எழுத்தில்:

அப்பா. மூக்கு. ரெண்டு தடவை.
எல்லாத்துக்கும் முன்னாடி.
பத்துக்கு ஆறு.

கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான்.

பேனாவைத் தேடினேன்.
அதற்கு முன்னால், வழக்கம்போல.
ஏழு இருக்கும்.